கூரைக்குழாய் எங்கே போகிறது?

மழை கண்டு மகிழ்கிறவன் உழவன். மழை கண்டு அஞ்சுகிறவன் நகரத்தான். பெங்களூரில் வாழும் நாம் அனைவரும் இன்று இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்களாகி விட்டோம். வானம் இருண்டால், "ஊரில் பெய்யட்டும், இங்கே வேண்டாம்" என்று மனம் வேண்டிக் கொள்கிறது. இங்கே பெய்தால் பேருந்து நிற்கும், பாலத்தடி நிரம்பும், அறைக்குத் திரும்ப இரவு பத்து மணியாகும். அதே நாம்தான் மாசியிலும் பங்குனியிலும் குடமும் கையுமாகத் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துத் தெருமுனையில் நிற்கிறோம். மழை வேண்டும், ஆனால் வரவும் கூடாது! இப்படி ஒரு விந்தையான நிலைக்கு நம்மை ஆளாக்கியது எது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் ஓர் இரவில் சுமார் 130 மில்லிமீட்டர் மழை இந்நகரில் கொட்டியது. பெல்லந்தூர்ப் பக்கத்திலும் சர்ஜாப்பூர்ச் சாலையிலும் மாளிகைகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. கணிப்பொறி நிலையங்களில் வேலை பார்ப்போர் டிராக்டர்களில் ஏறி அலுவலகம் சென்ற காட்சியை நாடே பார்த்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், அதே நகரில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. குடிநீரைக் கொண்டு வண்டி கழுவக் கூடாது என்று ஆணை பிறந்தது. அன்று மூழ்கிய தெருவுக்கே இன்று லாரி தண்ணீர் கொண்டு வந்தது.

வெள்ளம் ஒரு நோய், வறட்சி வேறொரு நோய் என்று நாம் நினைக்கிறோம். விஞ்ஞான மாணவன் என்ற முறையிலே சொல்லுகிறேன், இரண்டும் ஒரே நோய்தான். ஏரிகளும் ஆறுகளும் நாறிக் கிடக்கிறதே, அதுவும் அந்த நோயின் இன்னோர் அறிகுறிதான். நோயின் வேர் பல இடங்களில் இருக்கிறது. அவற்றுள் ஒன்று நம் தலைக்கு மேலே, மொட்டைமாடியின் மூலையில், நாலங்குல அகலமுள்ள ஒரு குழாயில் இருக்கிறது. அந்தக் குழாய் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெங்களூர் ஆற்றங்கரையில் எழுந்த நகரம் அன்று. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது. யானையின் முதுகில் ஊற்றிய நீர் இரு பக்கமும் வழிவதைப் போல இங்கே பெய்யும் மழையும் இரண்டாகப் பிரிகிறது. மேற்கே விழுவது விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியோடு சேர்ந்து, சங்கமம் என்னும் இடத்தில் காவிரியை அடைகிறது. அங்கிருந்து மேகதாது, ஒகேனக்கல், மேட்டூர். கிழக்கே விழுவது பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி வழியாகத் தட்சிண பினாகினியில் கலக்கிறது. தட்சிண பினாகினி என்றவுடன் யாரோ அயலூர்ப் பெண் என்று எண்ணிவிட வேண்டா. அவள்தான் நம் தென்பெண்ணை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியிலும், பின்னர்க் கிருஷ்ணகிரியிலும், சாத்தனூரிலும் அணைகளில் தங்கிக் கடலூர்ப் பக்கம் கடலில் சேருகிறவள்.

நான் பிறந்த ஊர் கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே இருக்கிறது. எங்கள் வயலுக்கு வரும் கால்வாய் நீரில் பெங்களூரின் பங்கு உண்டு. கெலவரப்பள்ளி அணையிலிருந்து பாயும் நீர் நுரை நுரையாக, பஞ்சு மூட்டைகளைக் கொட்டியதைப் போலப் பொங்கும் காட்சியை ஓசூர்ப் பக்கத்து நண்பர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். படிக்க வந்த நகரத்தில் நாம் கழுவி ஊற்றுகிறது, பெற்றோர் வாழும் ஊரில் வயலுக்குள் நுழைகிறது. ஆதலால் இது கன்னட நாட்டாரின் உள்ளூர் விவகாரம் என்று நாம் ஒதுங்கி நிற்க வழியில்லை.

இந்நகரை ஆக்கிய முன்னோர் நீரின் குணம் அறிந்தவர்கள். ஆறு இல்லாத மேட்டுநிலத்தில் ஏரிகளைச் சங்கிலி போலக் கோத்தார்கள். மேல் ஏரி நிறைந்தால் மிகுந்தது கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. அந்தப் பெருங்கால்வாய்களைத்தான் கன்னடத்தில் ராஜகாலுவே என்கிறார்கள். அன்று மழை பெய்தால், முதலில் மண் குடித்தது. பிறகு குட்டை குடித்தது. அதன் பிறகே ஏரிக்குப் போயிற்று. ஒவ்வோரிடத்திலும் நீர் சற்றுத் தங்கிச் சென்றது. தங்கியதால் வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததால் வண்டல் படிந்து தெளிந்தது.

இன்று மண்ணின் மேல் சிமென்டு. சிமென்டின் மேல் ஓடு பதித்த வாசல். வாசலுக்கு வெளியே தார்ச்சாலை. விழுந்த துளி ஓரிடத்திலும் தங்குவதில்லை. ஆயிரம் கூரைகளின் நீர் ஆயிரம் குழாய்கள் வழியாகச் சில நிமிடங்களில் ஒரே கால்வாய்க்கு வந்து சேருகிறது. வெள்ளம் என்பது மழையின் மிகுதியால் மட்டும் வருவதன்று. எல்லா நீரும் ஒரே நேரத்தில் வந்து சேருவதாலும் வருவது. திரைப்படம் முடிந்ததும் ஆயிரம் பேரும் ஒரே வாயிலில் முட்டினால் நெரிசல் உண்டாகிறது. அதே ஆயிரம் பேர் அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல வெளியேறினால் வாயில் காப்போனுக்கு வேலையே இல்லை. நீரும் அப்படித்தான்.

இதைக் காட்டிலும் கொடிய செய்தி ஒன்று உண்டு. நகரத்தில் நிலத்துக்கடியில் பாதாளச் சாக்கடை ஒன்று ஓடுகிறது. குளியலறை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றின் நீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்வது அதன் வேலை. மழைநீர்க்கென்று தெருவோரத்தில் தனி வடிகால் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சேரக் கூடாது என்பதே ஏற்பாடு. மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் விடுவதற்கு நீர் வாரியத்தின் தடையும் உண்டு. நடப்பது என்ன? வீடு கட்டும்போது வடிகால் வரை தனிக்குழாய் போட்டால் செலவு. பக்கத்திலேயே சாக்கடைத் தொட்டி இருக்கிறது. கூரைக்குழாயை அதில் செருகிவிடுகிறார்கள். யாரும் பார்ப்பதில்லை, கோடையில் ஒன்றும் தெரிவதுமில்லை.

மழை வந்ததும் கதை மாறுகிறது. வீட்டுக் கழிவுநீருக்கென்று அளவெடுத்துப் போட்ட குழாய் அது. கூரைகளின் நீர் அதில் பாய்ந்தால் அதனால் தாங்க இயலாது. தெருவில் மேன்ஹோல் மூடிகள் எழும்பி ஆடுகின்றன. கழிவு கலந்த நீர் சாலையில் வழிந்து மழை வடிகாலில் இறங்கி, ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையம் வரை போன பங்கும் அங்கே தொல்லைதான் செய்கிறது. அழுக்கைத் தின்று நீரைத் தெளிய வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை தம் வேலையைச் செய்ய நேரம் வேண்டும். வெள்ளம் போல நீர் வந்தால் அந்த நேரம் கிடைக்காது. பாதி தெளிந்தும் தெளியாமலும் நீர் வெளியேறிவிடுகிறது. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி நின்றதும், 2015-இலும் 2017-இலும் நீர்ப்பரப்பின் மேல் தீப்பற்றி எரிந்ததும் நமக்குத் தெரியும். ஏரியில் தீ! அந்த நிலைக்குச் சுத்திகரிக்கப்படாத கழிவு ஏரியில் சேர்ந்தது பெருங்காரணம். மழைக்குப் பிறகு நுரை மிகுவதையும் காண்கிறோம். அடியில் படிந்த சோப்புக் கழிவும் சேறும் மழை வேகத்தில் கலங்கி மேலெழுவதே அதற்குக் காரணம்.

இவையெல்லாம் ஏட்டில் படித்த செய்திகள் என்று நினைக்க வேண்டா. நானும் மூன்று நண்பர்களும் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டிலேயே இதைக் கண்டோம். கீழ்த்தளத்தில் ஒரு கன்னடக் குடும்பம். வீட்டில் எழுபதைக் கடந்த பாட்டி ஒருவர். எல்லோருக்கும் அவர் 'அஜ்ஜி'. பெருமழை பெய்யும் ஒவ்வொரு முறையும் கீழ்வீட்டுக் குளியலறைத் துளை வழியாகச் சாக்கடை நீர் மேலே வரும். அஜ்ஜி வாளியும் துடைப்பமுமாக நள்ளிரவில் உட்கார்ந்திருப்பார். மாடியில் இருக்கும் பையன்கள் ஓயாமல் குளிப்பதால்தான் இப்படி ஆகிறது என்று தெருவில் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சோதனை செய்தோம். துணிக்குப் போடும் நீலத்தை இரண்டு வாளி நீரில் கரைத்து, மொட்டைமாடியின் மழைக்குழாயில் ஊற்றினோம். கீழே சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து ஒருவன் நின்றான். சிறிது நேரத்தில் நீலம் வந்தது! தெருவின் மழை வடிகாலில் ஒரு சொட்டு நீலமும் இல்லை. பெரிய ஆராய்ச்சிக்கூடமும் விலையுயர்ந்த கருவியும் சொல்ல வேண்டிய உண்மையைச் சிறு நீலப் புட்டி சொல்லிவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னோம். "இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் தம்பி" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. எதிர்வீட்டுக்காரர் இசைந்ததால் அங்கும் நீலம் ஊற்றிப் பார்த்தோம். அங்கும் அதே விடை. எங்கள் சொல்லைக் காட்டிலும் அஜ்ஜியின் சொல்லுக்கு வலிமை அதிகம். அவர் ஒரு நாள் வீட்டுக்காரரை அழைத்துக் குளியலறையைக் காட்டினார். அத்துடன் வாதம் முடிந்தது. இங்கே கிணறு வெட்டுவதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட மண்ணு வட்டர் மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வந்து, மூன்றடி அகலத்தில் இருபதடி ஆழம் தோண்டி, சிமென்டு உறைகளை இறக்கினார்கள். அள்ளிய மண்ணைச் சுமந்து கொட்டியது நாங்கள். செலவு ஏறக்குறைய ஒன்றரை மாத வாடகை, வீட்டுக்காரரே கொடுத்தார். கூரைக்குழாய் இப்போது ஒரு வடிகட்டியைக் கடந்து அந்தக் கிணற்றில் இறங்குகிறது.

அஜ்ஜியின் தொல்லை தீர்ந்ததா? குறைந்தது, முற்றும் தீரவில்லை. தெருவில் மற்ற வீடுகளின் கூரைநீர் இன்னும் அதே சாக்கடையில்தானே பாய்கிறது! இதை மறைக்காமல் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வீடு திருந்தினால் ஒரு வீட்டின் பங்கு குறையும். ஒரு தெரு திருந்தினால்தான் ஒரு தெருவின் துயர் தீரும். அதனால்தான் இதை என் நாட்குறிப்பில் எழுதாமல் நம் மன்ற மலரில் எழுதுகிறேன்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரை என்பது சற்றேறக்குறைய 1,080 சதுர அடி. நடுத்தரக் குடும்பத்தின் வீடு. பெங்களூரில் ஆண்டு மழை சராசரி 970 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. அப்படியானால் அந்த ஒரு கூரையில் ஆண்டுக்கு 97,000 லிட்டர் நீர் விழுகிறது. ஆவியாவதும் சிதறுவதும் ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் 77,000 லிட்டருக்கு மேல் மிஞ்சும். 6,000 லிட்டர் கொள்ளும் லாரியில் ஏறத்தாழப் பதின்மூன்று நடை! நம் விடுதி போன்ற பெருங்கட்டடத்தின் கூரை ஆயிரம் சதுர மீட்டர் இருக்குமானால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிக் கொள்ளுங்கள்.

"இருக்கட்டும், 2022-இல் பெய்தது போலப் பெய்தால் உன் மூன்றடிக் கிணறு என்ன செய்யும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 130 மில்லிமீட்டர் மழையில் நூறு சதுர மீட்டர் கூரையில் 13,000 லிட்டர் விழும். மூன்றடிக்கு இருபதடிக் கிணறு ஒரே வேளையில் கொள்ளுவது சுமார் 4,000 லிட்டர். பெய்யும்போதே மண் உறிஞ்சுவது தனி. ஆகவே அப்பெருமழையை என் கிணறு முழுவதும் விழுங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தகைய நாள் ஆண்டில் எத்தனை வரும்? இந்நகரில் ஆண்டுக்கு சுமார் 60 நாட்களே மழை நாட்கள். 970-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு மழை நாளுக்குச் சராசரி 16 மில்லிமீட்டர். கூரைக்கு 1,600 லிட்டர். அத்தகைய நாளின் நீர் முழுவதையும் அந்தக் கிணறு எளிதாக ஏற்றுக் கொள்ளும். சாக்கடையை அடிக்கடி வழிய வைப்பதும், சாலையின் எண்ணெய்ப் படலத்தையும் டயர்த் தூளையும் குப்பையையும் கழுவி ஏரிக்குச் சேர்ப்பதும் இந்த நடுத்தர மழைகள்தாம். பெருவெள்ளத்தில் வீட்டுக் கிணறு ஒரு துணை. அன்றாட மாசில் அதுவே பெரும் மருந்து. இந்த வேறுபாட்டை அறிந்து சொன்னால்தான் கேட்கிறவர் நம்புவர். 'எல்லாம் தீரும்' என்று மேடையில் முழங்குவது விஞ்ஞானத்துக்கு அழகன்று.

இன்னொரு தடை சொல்லுவோர் உளர். "ஏரிகளை மண்போட்டு மூடிக் கட்டடம் எழுப்பியவர்கள் இருக்கிறார்கள், ராஜகாலுவேயின் மேலேயே மதில் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஏழைக் குடித்தனக்காரனுக்குப் புத்தி சொல்ல வந்தாயா?" என்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்கும் உண்டு. ஆக்கிரமிப்பை அகற்றுவது அரசின் கடமை. கால்வாயைத் தூர் வாருவது அரசின் கடமை. சுத்திகரிப்பு நிலையங்களைச் செவ்வையாக நடத்துவதும் அரசின் கடமை. இவற்றைக் கேட்கும் உரிமையை நாம் ஒருநாளும் விட்டுக் கொடுக்கக் கூடாது. ஆனால் கேட்கிறவனின் கூரைநீரே சாக்கடையில் விழுந்து கொண்டிருந்தால் அவன் கேள்விக்கு வலிமை ஏது? தன் வாசலைப் பெருக்கியவன் தெருவைப் பற்றிப் பேசும்போது சொல்லுக்கு ஓர் எடை ஏறுகிறது.

மூன்றாவது தடை நம் மாணவர்களுக்கே உரியது: "வாடகை வீடுதானே!" இரண்டு ஆண்டு இருப்போம், பட்டம் வாங்குவோம், போய்விடுவோம், இதில் நமக்கென்ன? புலம்பெயர்ந்து வாழ்கிறவனுக்கு இந்த எண்ணம் எளிதில் வரும். எனக்கும் அறிமுகமான எண்ணந்தான் அது. ஆயினும் ஒன்று கேட்கிறேன். வீடு வாடகையாயிருக்கலாம், குடிக்கும் நீர் வாடகையா? சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு, மின்சாரத்தைக் கொட்டி ஏற்றிக் கொண்டு வரும் காவிரி நீரை நாமும்தான் குடிக்கிறோம். நாம் போன பிறகு அந்த அறைக்கு இன்னொரு தமிழ் மாணவன் வருவான்; கீழ்வீட்டு அஜ்ஜி அங்கேயேதான் இருப்பார். வந்த ஊருக்கு ஒரு நன்மை செய்துவிட்டுப் போகிறவனை அந்த ஊர் விருந்தினன் என்று எண்ணுவதில்லை. தன் பிள்ளை என்றே எண்ணுகிறது. மொழி வேறுபட்ட இரண்டு வீடுகளை நெருங்க வைக்க ஆயிரம் சொற்பொழிவுகளைவிட ஒரு கிணறு நல்லது என்பதை நான் கண்ணால் கண்டேன்.

காவிரி என்றதும் நம் நெஞ்சு கொதிக்கிறது, கொதிக்க வேண்டியதுதான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று பங்கு வகுத்தது. பெங்களூரின் குடிநீரையும் மனத்திற் கொண்டு கருநாடகத்தின் பங்கைக் கூட்டியது. அந்த எண்களை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்லுவோம். எத்தனை டி.எம்.சி. என்று கேட்கிற நாம், எத்தகைய நீர் என்று கேட்பதில்லையே! விருஷபாவதி வழியாக இறங்குவதும் கணக்கில் நீர்தான். தென்பெண்ணையில் நுரைத்து வருவதும் கணக்கில் நீர்தான். அளவைக் கேட்டு நீதிமன்றம் போகலாம்; தூய்மையைக் கேட்டு முதலில் போக வேண்டிய இடம் நம்முடைய மொட்டைமாடி.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பெங்களூர் நீர் வாரியத்தின் சட்டத்தில் 2009-இல் திருத்தம் செய்து, 2,400 சதுர அடிக்கு மேற்பட்ட மனைகளில் உள்ள வீடுகளும், 1,200 சதுர அடிக்கு மேற்பட்ட மனைகளில் புதிதாகக் கட்டும் வீடுகளும் மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று விதித்தார்கள். செய்யாதவர்களுக்குத் தண்ணீர்க் கட்டணத்தோடு தண்டமும் உண்டு. தண்டத்தைக் கட்டிவிட்டு வாளாவிருப்போரும் உளர். நம் தாய்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். சென்னையில் நிலத்தடி நீர் உயர்ந்ததை மக்கள் கண்ணாரக் கண்டார்கள். பிறகு என்ன ஆயிற்று? பல வீடுகளில் குழிகள் தூர்ந்தன. மேலே ஓடு பதித்தார்கள். குழாய் உடைந்ததைக் கவனிப்பாரில்லை. 2015 டிசம்பரில் வெள்ளமும் 2019 கோடையில் கொடிய பஞ்சமும் அதே சென்னையைத் தாக்கின. அவற்றுக்குப் பெரிய காரணங்கள் பல உண்டு என்பதை அறிவேன். ஆனாலும் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது: சட்டம் குழி வெட்ட வைக்கும், குழியைத் தூர் வார வைக்க மனிதன் வேண்டும்.

செய்முறை கடினமானதன்று. மழைக்காலத்துக்கு முன் மொட்டைமாடியைப் பெருக்க வேண்டும். முதலில் விழும் மழை தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வரும். அதைத் தனியே வெளியேற்ற ஒரு திருகு மூடி போதும். அடுத்து வருவதை ஜல்லி, மணல் நிரப்பிய வடிகட்டி வழியாகத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ விடலாம். கிணறு வெட்ட இடமில்லையென்றால் ஒரு பெரிய பீப்பாய் வைத்து, கொசு புகாதபடி வலை கட்டி, துணி துவைக்கவும் செடிக்கும் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையேல், கூரைக்குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்து மழை வடிகாலில் விட்டாலே பாதிப் புண்ணியம். வாசல் முழுவதும் சிமென்டு பூசாமல் நாலடி மண்ணை விட்டு வைத்தால் மீதிப் பாதியில் ஒரு பங்கு. எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: கிணறு அடித்தளச் சுவரை ஒட்டியும் கழிவுத் தொட்டிக்கு அருகிலும் இருக்கக் கூடாது. ஏரிக்கரைத் தாழ்நிலங்களில், கைக்கெட்டும் ஆழத்தில் நீர் நிற்கும் இடங்களில், உறிஞ்சு கிணறு பயன்படாது. அங்கே தொட்டிதான் ஏற்றது. சாலையின் அழுக்கு நீரையும் வண்டி கழுவிய நீரையும் ஒருபோதும் கிணற்றில் விடக் கூடாது. நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் அதைத் திருத்துவது எளிதன்று.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். நாம் ஆண்டுதோறும் இம்மன்றத்தில் வள்ளுவர் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், பரிசு கொடுக்கிறோம். வானத்தைச் சிறப்பித்த புலவருக்கு விழா எடுக்கும் மன்றம், வானம் தந்ததைச் சாக்கடையில் விடலாமா?

ஆகவே மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் இடிமழை தொடங்கும் முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குவோம். வெளியே அறை எடுத்து வாழும் ஒவ்வொரு தோழரும் வீட்டுக்காரரின் இசைவு பெற்று, ஒரு நீலப் புட்டியோடு மாடி ஏறட்டும். கூரைக்குழாய் எங்கே போகிறது என்று பார்த்துத் தெருவின் பெயரோடு எழுதித் தரட்டும். விடுதிக் கூரைகளை விஞ்ஞானத் துறை மாணவர்கள் பார்த்துக் கொள்ளுகிறோம். கன்னட மாணவர் சங்கத்து நண்பர்களையும் அழைப்போம். வீட்டுக்காரர்களிடம் பேச அவர்களுடைய நா நமக்கு வேண்டும், அவர்களுக்கு நம்முடைய கால்கள் வேண்டும். கிடைத்த பட்டியலை ஒருபடி பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும், ஒருபடி நீர் வாரியத்துக்கும் அனுப்புவோம். பட்டியல் கையிலிருந்தால் கோரிக்கைக்குப் பல் முளைக்கும்.

நீலப் புட்டியின் விலை ஒரு தேநீருக்குச் சற்று மேல். அதைக்கூடச் செலவிட மனமில்லாத தோழர் என்னிடம் வந்தால் நானே வாங்கித் தருகிறேன். மாடி ஏறுவது மட்டும் அவரவர் வேலை.